இரண்டு பேருக்கான பாட்டு

எஸ்தர் வீட்டுக் கம்ப்யூட்டர், உடம்புச் சூட்டை வைத்து ஆட்களை எண்ணித்தான் ஸ்பீக்கர்களில் பாட்டுப் போடும். ஒருவர் மட்டும் என்றால் சத்தத்தை அவர் பக்கமே திருப்பும்; இரண்டு பேர் இருந்தால் இருவருக்கும் நடுவில் கேட்கும்படி வைக்கும். அப்படியும், "பாட்டு பூரா உங்க பக்கமே வருது, தள்ளி உக்காருங்க" என்று கணவர் தேவசகாயத்தோடு முப்பது வருஷம் மல்லுக்கட்டியிருக்கிறாள்.

அவரை அடக்கம் பண்ணிய மறுவாரம், பாட்டு முழுசாக அவள் காதுக்கே வந்தது. ஒரு குறையில்லை. அவளால்தான் ஒரு சரணம்கூடக் கேட்க முடியவில்லை.

"ரெண்டு பேருக்குப் போடு."

"ஒருவர்தான் இருக்கிறீர்கள்," என்றது கம்ப்யூட்டர்.

எஸ்தர் வெந்நீர்ப் பையை நிரப்பி, அவர் சட்டையில் சுற்றி, அவர் நாற்காலியில் சாய்த்துவைத்தாள். பாட்டு மெல்ல நகர்ந்து பழையபடி நடுவில் போய் நின்றது.

"கொஞ்சம் தள்ளித்தான் உக்காருங்களேன்!"

வெந்நீர் ஆறும்வரை அவரைத் திட்டிக்கொண்டே கேட்டாள்.