டிராயரில் சீனி மிட்டாய்

அதிகாரியின் கை நாற்காலியிலிருந்து தொங்கியது.

சட்டை முழுக்க வியர்வை. கண் பாதி திறந்திருந்தது. கேட்டதற்கெல்லாம் "ம்" என்றார். பிறகு அதுவும் இல்லை.

108-க்குப் போன் போட்டார்கள். வண்டி வரக் கொஞ்சம் நேரமாகும், அதற்குள் வாயில் சீனி ஏதாவது வையுங்கள் என்றார்கள். சுகர் மாத்திரையைப் போட்டுக்கொண்டு, சாப்பிடாமல், மத்தியானம் தாண்டியும் கூட்டம் நடத்தியிருக்கிறார் மனிதர்.

சீனி!

கேன்டீனுக்கு ஓடியவர் வெறுங்கையோடு திரும்பினார். அவித்த பயறு இருந்தது. உப்புப் போட்ட ராகிக் கஞ்சி இருந்தது. சீனி டப்பாவைப் போன மாதமே வெளியேற்றிவிட்டார்கள். அரசு அலுவலகத்துக்குள் இனி ஆரோக்கிய உணவு மட்டும்தான். அந்த ஆணையில் கையெழுத்துப் போட்டவர்தான் இதோ, நாற்காலியில் சரிந்து கிடக்கிறார்.

நல்ல கூத்து.

கடைக்கு ஒருவர் ஓடினார். கடை பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில்.

குமாஸ்தாவான அவள் அசையாமல் நின்றாள்.

அவள் மேசை டிராயரில் சீனி மிட்டாய் இருந்தது. காலையில் வாங்கியது. பாகு ஊறி, பொட்டலத் தாள் பிசுபிசுத்துக் கிடக்கும்.

அவளிடம் மட்டுமா? கண்காணிப்பாளர் திரவியத்தின் டிராயரில் லட்டு. எதிர் சீட்டில் அதிரசம். பீரோவில் ஃபைல் கட்டுகளுக்குப் பின்னால் மைசூர்பாகு. சாயங்காலமானால் எல்லாரும் எல்லாருக்கும் கொடுத்துத்தான் தின்றார்கள்.

இப்போது ஒருத்தரும் மூச்சு விடவில்லை.

போன வாரம் டிரைவர் இசக்கிமுத்து, மகள் பிறந்த சந்தோஷத்தில் ஜாங்கிரி கொண்டுவந்தான். தற்காலிக வேலைக்காரன். நாளையிலிருந்து வரவேண்டாம் என்று அதிகாரி சொல்லிவிட்டார்.

அவளும் தற்காலிகம்தான். வீட்டில் அவள் சம்பளம் ஒன்றுதான்.

திரவியம் ஃபைல் அட்டையால் அதிகாரிக்கு விசிறினார். நன்றாகத்தான் விசிறினார்.

அதிகாரியின் தலை தோளில் சாய்ந்தது.

பாழாய்ப் போன வேலை.

அவள் போய் டிராயரை இழுத்தாள். கிறீச்சென்றது. எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

முதலில் பாகை மட்டும் விரலில் எடுத்து அவர் ஈறில் தடவினாள். மறுபடியும் தடவினாள். நாக்கு அசைந்தது. சின்னத் துண்டாகக் கிள்ளி வைத்தாள். மென்றார்.

அவளுக்கு அழுகை வந்தது. பயமும் இருந்தது, நிம்மதியும் இருந்தது.

கொஞ்ச நேரத்தில் கண்ணைத் திறந்தார். மீசையில் பாகு. பொட்டலத்தைப் பார்த்தார். பிறகு சுற்றி நின்றவர்களை.

"இத... யாரு உள்ள கொண்டுவந்தது?"

திரவியம் விசிறுவதை நிறுத்தினார். "எங்களுக்கே இப்பத்தான் சார் தெரியும். நாங்க யாரும் இந்த மாதிரி..."

"நான்தான் சார்" என்றாள் அவள்.

அதிகாரி நிமிர்ந்து உட்காரப் பார்த்தார். முடியவில்லை. அவளையே பார்த்தார்.

வரவேண்டாம் என்று சொல்லப் போகிறார். அவள் கையைச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டாள்.

அவர் உதடுகள் பிரிந்தன.

கண் பொட்டலத்துக்குப் போனது. வாயைத் திறந்தபடியே இருந்தார், அவள் அடுத்த துண்டைக் கிள்ளும் வரை.