திவசத்துச் சுறாப்புட்டு

கனகசூரியத்தின் அப்பப்பா வெள்ளைக்காரனின் போர்க்கப்பலில் சமையல்காரர். இரண்டாம் உலக யுத்தத்தில், மட்டக்களப்புக் கடலில் ஜப்பான்காரன் குண்டு போட்டுக் கப்பலை மூழ்கடித்தான். அப்பப்பாவின் உடல் கிடைக்கவில்லை. சுறா தின்றுவிட்டது என்று வீட்டில் முடிவு கட்டினார்கள். ஜப்பான் தொலைவில் இருந்தது, சுறா சந்தையில் இருந்தது. ஆகவே ஆண்டுதோறும் திவசத்தன்று சுறாப்புட்டுத் தின்று பழிதீர்த்து வந்தார்கள்.

இந்த வருஷமும் கனகசூரியம் அப்பப்பாவின் படத்தோடு மட்டக்களப்புச் சந்தைக்கு வந்தார். கொலைகாரன் செத்துக் கிடப்பதை அப்பப்பாவும் பார்க்க வேண்டாமா?

வாகரையிலிருந்து புதிதாக வந்திருந்த மீன்காரன் அழகரத்தினம், வாய் பிளந்து கிடந்த சுறாவைக் காட்டினான்.

“வீட்டுச்சனம் எல்லாத்துக்கும் இது காணுமா அண்ணன்?”

“காணும். முதல்ல தலையைக் கொத்து. எங்கட அப்பம்மாவை அறுபது வருஷம் வெள்ளைச்சீலை உடுத்த வைச்ச சாதி.”

கத்தியை ஓங்கிய அழகரத்தினம் படத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டான்.

“இவர்ர படம் உங்களுக்கு எப்படிக் கிடைச்சது? எங்கட வீட்டுச் சுவரிலயும் தொங்குது.”

“உங்கட வீட்டிலயா?”

“ஓம், எங்கட அப்பப்பா. கப்பல் தாழ, நீந்தி வாகரையில கரையேறினவர். மறுகா எங்கட அப்பம்மாவைக் கட்டி, ஏழு பிள்ளை பெத்து, எண்பது வயசில பாயில படுத்துத்தான் செத்தவர். சுறாப்புட்டெண்டா மனிசனுக்கு உயிர்.”

கனகசூரியம் அவனது கத்தியைத் தள்ளிவிட்டார்.

“தலையைக் கொத்தாத தம்பி.”

சட்டத்திலிருந்து படத்தைக் கழற்றினார். சுறாவின் திறந்த வாய்க்குள் அதை மெல்லச் செருகினார்.

“எண்பது வருஷமா வீண்பழி சுமந்தது, பாவம். இப்பவாவது தின்னட்டும்.”