ஏர்போர்ட் ஹீரோயின்

“அப்ப, அவ நடிக்கவே இல்லைங்கற?”

“அதைத்தான் சொல்றேன் கவி! டயலாக் கிடையாது, ரீடேக் கிடையாது. முகத்தைக்கூட நான் காட்டலை. முதுகாலயே நடிச்சிருக்கா!”

“முதுகாலயா?” என்றாள் கவிப்ரியா. கையிலிருந்த சமோசாவைக் கடித்த கடியில் நரேன் அரை அடி தள்ளி நின்றான்.

கல்யாணமாகி நாலு வருஷம். தன் முதுகைப் பற்றி இவன் ஒரு வார்த்தை பேசியதில்லை.

டெல்லித் தமிழர்கள் சேர்ந்து நடத்தும் குறும்படப் போட்டி அது. மந்திர் மார்க் பக்கம் ஒரு சின்ன ஹால். இன்னும் கொஞ்ச நேரத்தில் நரேனின் படம். பனிமூட்டத்தில் ப்ளைட் கேன்சலாகி ஏர்போர்ட்டில் மாட்டிக்கொண்ட ஒருத்தியை, அங்கே வேலை செய்கிறவர்களே சொந்தக்காரி மாதிரி பார்த்துக்கொள்கிற கதை.

நரேனுக்கு வேலையே ஏர்போர்ட்டில்தான். மேலிடத்தில் அனுமதி வாங்கி, லீவு நாட்களில் மொபைலிலேயே எடுத்தான். அதெல்லாம் சரி. ஹீரோயினாக, தன்னோடு வேலை பார்க்கும் ஷ்ரேயாவைப் போடுவதாகச் சொன்ன நாளிலிருந்துதான் கவிப்ரியாவுக்கு வயிறு எரிய ஆரம்பித்தது.

“ஏன், நான் நடிக்க மாட்டேனா?” என்று ஒரு தடவை கேட்டும் பார்த்தாள்.

“நீயா? காமிராவைப் பார்த்தாலே ரேஷன் கார்டு போட்டோ மாதிரி விறைச்சுக்குவ!” என்று சிரித்துவிட்டான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளால் பொறுக்க முடியவில்லை. இருப்பதிலேயே மலிவான ப்ளைட் டிக்கெட் ஒன்றைப் போட்டாள். குளிருக்குப் போட்டிருந்த சிவப்பு சாக்ஸின் மேலேயே செருப்பை மாட்டிக்கொண்டு, தலையோடு சால்வையைப் போர்த்திக்கொண்டு, பயணி மாதிரி டிபார்ச்சருக்குள் நுழைந்துவிட்டாள்.

தூணுக்குத் தூண் ஒளிந்து பார்த்தாள். ஷ்ரேயா கண்ணில் படவே இல்லை. நரேன் மட்டும் மொபைலைத் தூக்கிப் பிடித்தபடி தனியாகத் திரிந்தான். உள்ளே போனது எளிது. திரும்பி வீடு வந்து சேர்வதற்குள் தாவு தீர்ந்துவிட்டது.

அன்று சாயங்காலம் நரேன் வாசலிலேயே குதித்தான். “கவி, இன்னிக்கு ஷூட்டிங் பிரமாதம்! ஹீரோயின் பின்னிட்டா!”

அப்படியென்றால், தன் கண்ணில் படாமல் எந்த மூலையில் வைத்துப் பின்னினாள்?

அதற்குப் பிறகு மொபைலின் பாஸ்வேர்டு மாறியது. சாப்பிடும்போதுகூட அதைப் பார்த்துத் தானாகச் சிரித்துக்கொள்வான். கவிப்ரியா எட்டிப் பார்த்தால் சட்டென்று கவிழ்த்து வைத்துவிடுவான். “போட்டியன்னிக்குப் பாரேன், அவசரம் என்ன?” என்பான்.

இதோ, ஹாலில் விளக்கு அணைந்தது. படம் ஓட ஆரம்பித்தது. கவிப்ரியா திரையைப் பார்க்கவே இல்லை. அந்த முதுகைப் பார்த்துத் தான் என்ன செய்யப் போகிறோம் என்று மடியிலிருந்த கைப்பையையே முறைத்துக்கொண்டிருந்தாள்.

பின் வரிசையில் கஸ்தூரிரங்கன் மாமா மூக்கை உறிஞ்சினார். “பாவம்டி ருக்கு, யாரையோ தேடிண்டே இருக்கா பாரு. யாரைன்னுதான் தெரியலை.”

“அந்த செக்யூரிட்டிக்காரன் இஞ்சி டீ கொண்டு வந்து குடுத்தானே, தங்கமான பிள்ளை!” என்றாள் ருக்கு மாமி. “சித்த சும்மா இருங்கோ, அழுகை வருது.”

ஹாலே உச்சுக்கொட்டியது. கவிப்ரியாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒருத்தி திரும்பிக்கூடப் பார்க்காமல் இத்தனை பேரையும் கவிழ்த்துவிட்டாளே!

பக்கத்துக் காலி நாற்காலியில் யாரோ அவசரமாக வந்து உட்கார்ந்தார்கள். நல்ல செண்ட் வாசனை.

“ஸாரி பாபி, ட்ராஃபிக்ல மாட்டிட்டேன். படம் ஆரம்பிச்சிடுச்சா?”

ஷ்ரேயா!

“உன் படத்துக்கே நீ லேட்டா?” கவிப்ரியா பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாள். பாபியாம், அண்ணியாம்!

“என் படமா? அரே, நான் இதுல இல்லவே இல்லை பாபி! ஷூட்டிங் அன்னிக்கு எனக்கு செம ஜுரம், போகவே இல்லை. நரேன் பையா வேற யாரையோ வெச்சு எடுத்துட்டார். ஆபீஸ் மொத்தமும் அந்தப் பொண்ணைத்தான் புகழுது. எனக்கு எவ்வளவு பொறாமையா இருக்கு தெரியுமா? யார் பாபி அது?”

வேறு யாரோவா? ஷ்ரேயாவையாவது தெரியும். இது எவள்?

கவிப்ரியா முதல் முறையாகத் திரையை நிமிர்ந்து பார்த்தாள்.

பெரிய கண்ணாடிக் கதவு. அதற்கு முன்னால், தலையோடு சால்வை போர்த்திய ஒருத்தி முதுகைக் காட்டி நிற்கிறாள். ஒரு கையில் டீ கப். காமிரா மெல்ல மெல்லக் கீழே இறங்குகிறது. சிவப்பு சாக்ஸ். அதன் மேல் செருப்பு.

கவிப்ரியாவின் மடியிலிருந்து கைப்பை நழுவிக் கீழே விழுந்தது. மறுபக்கத்து நாற்காலியிலிருந்து அதை எடுக்கக் குனிந்த நரேன் அப்படியே அவள் காதோரம் வந்தான்.

“டீ குடுத்தனுப்பினது நான்தான். இப்ப சொல்லு கவி, வெளியில போக விடமாட்டேங்கிறாங்கன்னு ஒவ்வொரு வாசலா முழிச்சிக்கிட்டு நின்னியே, அந்த சீன் எப்படி வந்திருக்கு?”