பெமிலா மிதந்த பகல்

வயிற்றுக்குள் காற்றை நிரப்பியதும் என் மருமகள் பெமிலா ஆபரேஷன் மேசையை விட்டு மெல்ல எழும்பினாள்.

டாக்டர் கவனிக்கவில்லை. இந்தச் சின்னத் துளை ஆபரேஷனில் யாரும் ஆளைப் பார்ப்பதில்லை. டிவியைத்தான் பார்க்கிறார்கள். டிவிக்குள் கர்ப்பப்பை இருந்தது, அதில் கட்டி இருந்தது, வேலை தடையில்லாமல் நடந்தது.

கட்டியை மட்டும் எடுத்துவிட்டுப் பையைத் தைத்துவிடலாம். ரத்தம் நிற்காவிட்டால் பையையும் எடுக்க வேண்டிவரும், அப்புறம் குழந்தை என்ற பேச்சே இல்லை. காலையிலேயே சொல்லியிருந்தார்.

வெளியே வராந்தாவில் என் மனைவி ரத்தினம், பக்கத்தில் இருந்தவளிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"எனக்க மோனுக்கு என்ன கொறை? எல்லாம் இவளுக்க வயித்துல கெடக்குத கட்டி செய்யுத வேல. அது போச்சுண்ணா அடுத்த கிறிஸ்மஸுக்குத் தொட்டிலு கெட்டிரலாம்."

பெமிலா ஜன்னல் வழியாக வெளியேறினாள்.

இரணியல் ஸ்டேஷனில் சிக்னலுக்கு நின்ற ரயிலின் மேல் அவள் நிழல் ஊர்ந்தது. திருவட்டாறுப் பக்கம் ரப்பர் மரங்களுக்கு மேலே ஒரு மேகம் அவள் நெற்றியை ஈரத்துணி போலத் துடைத்துவிட்டது. கடியப்பட்டணத்தில் மீன் விற்றவள் அண்ணாந்து பார்த்து, "ஏட்டி, எறங்கி வாறியா, நல்ல நெய்மீன் கெடக்கு" என்றாள். ஆபரேஷனுக்கு வெறும் வயிறாக இருக்கச் சொல்லியிருந்ததால் பெமிலா மறுத்துவிட்டாள்.

கடற்காற்று அவளைத் திருப்பிக் கொண்டுவந்து, வராந்தாவில் எங்கள் தலைக்கு மேலே, மின்விசிறிக்குப் பக்கத்தில் விட்டது.

கீழே என் மகன் ஷிஜின் கண்ணை மூடி ஜெபித்துக்கொண்டிருந்தான். எனக்குக் காது கேட்காது என்பது வீட்டில் உள்ளவர்களின் நம்பிக்கை. அதை நான் கெடுப்பதில்லை.

"ஆண்டவரே, அந்தப் பையையும் சேத்து எடுத்துரும்."

எனக்குக் கேட்டது. மேலே அவளுக்கும் கேட்டது.

அவள் கோபப்படவில்லை. கொஞ்ச நேரம் அவன் உச்சந்தலையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, திரும்பிப் போய் மேசையில் படுத்துக்கொண்டாள்.

டாக்டர் வந்தார். கட்டி போயிற்று, பை பத்திரம், தையல் நன்றாக ஆறியபின் குழந்தைக்குப் பார்க்கலாம் என்றார். ரத்தினம் ஸ்தோத்திரம் சொல்லிக்கொண்டே எல்லோருக்கும் காப்பி வாங்கப் போனாள். ஷிஜின் சுவரைப் பிடித்துக்கொண்டான்.

கண் விழித்ததும் பெமிலா தோள் வலிக்கிறது என்றாள். உள்ளே நிரப்பிய காற்றுதான், போய்விடும் என்றாள் நர்ஸ். கடற்காற்றும் உண்டு என்று நான் சொல்லப்போகவில்லை.

நர்ஸ் போனதும் பெமிலா ஷிஜினின் கையைத் தேடிப் பிடித்தாள்.

"ஒங்களுக்க டெஸ்ட்டுல கொறை இருக்குண்ணு லேபுல எங்கிட்டயும் சொன்னாவ. நீங்க மறைச்சதும் தெரியும்."

அவன் கையை இழுக்கப் பார்த்தான். அவள் விடவில்லை.

"டாக்டரு அப்பமே கட்டிய எடுக்கச் சொன்னாரு. நாந்தான் வேண்டாம்னுட்டேன். அது கெடக்கது வரைக்கும் ஒங்கள யாரும் ஒண்ணும் கேக்கமாட்டாவல்லா. ரத்தம் போய்ப்போய் இனி எனக்கு ஏலல்ல."

அதற்குள் அவள் கண்கள் மறுபடியும் செருகிவிட்டன.

ரத்தினம் காப்பியோடு உள்ளே வந்தாள். தொட்டிலுக்குப் பலாமரம் நல்லதா, தேக்கு நல்லதா என்று கேட்டுக்கொண்டே வந்தாள்.

ஷிஜின் முகத்தைத் துடைத்தான்.

"அம்மா, காப்பிய அங்கன வையி. இஞ்ச வந்து இரி."