மோதிர விரல்

பிரசவத்தோடு போய்விட்ட அக்கா பாதியில் விட்ட தாலாட்டை முடித்துவிடலாம் என்று தங்கை கணினியைத் திறந்தாள். பக்கத்தில் அக்காவின் கணவர், தோளில் சிணுங்கும் குழந்தையோடு நின்றார்.

“திரை முழுக்கப் பட்டை பட்டையா இருக்கே, இதுலதான் அவ குரலா?”

“இல்ல மாமா. குரல்னா ஆடியோ டிராக்ல இருக்கணும். அக்கா பாடவே இல்ல. இது மிடி டிராக். இதுல சத்தமே கிடையாது. கீபோர்டுல அக்கா எந்தக் கட்டையை எவ்வளவு அழுத்தினா, எவ்வளவு நேரம் விரலை எடுக்காம வச்சிருந்தா, அவ்வளவுதான்.”

“அப்போ குரல் இல்ல.”

“விரல் இருக்கு.”

பட்டைகளுக்கு அடியில் அழுத்தத்தைக் காட்டும் கோடுகள் வரிசையாக நின்றன. எப்போதோ காய் நறுக்கும்போது கத்தி வெட்டி வலுவிழந்த அக்காவின் மோதிர விரலின் முறை வரும்போதெல்லாம் கோடு குட்டையாக இருந்தது. மாமா அந்தக் குட்டைக் கோடுகளை மட்டும் ஒவ்வொன்றாகத் தொட்டார்.

தங்கை பதிவுப் பொத்தானைத் தட்டிவிட்டு, கீபோர்டைக் கணினியோடு இணைக்கும் ஒயரை எடுத்துவர உள்ளே போனாள். திரும்பி வந்தபோது திரையில் புதிதாக மூன்று பட்டைகள் விழுந்திருந்தன. மூன்றாவதன் கோடு குட்டை. ஒயர் இன்னும் அவள் கையில்தான் இருந்தது.

விரலை எடுத்தால்தான் பட்டை நிற்கும். மூன்றாவது பட்டை இன்னும் நீண்டுகொண்டிருந்தது.

குழந்தை சிணுங்கலை நிறுத்தியிருந்தது.

“எதையும் தொட்டுடாதே,” என்றார் மாமா, வாய்க்குள்ளேயே.