ஒன்பதாம் நாள் பால்

யுத்தம் முடிந்த வருஷம், விஷக்காய்ச்சலில் தாயையும் தகப்பனையும் ஒரே வாரத்தில் பறிகொடுத்த இருபது நாள் பெண் சிசுவை, பிள்ளையில்லாத வடிவம்மை எடுத்து வந்தாள். அவளுக்கு அப்போது நாற்பது வயது. பசும்பால், ஆட்டுப்பால், எதைச் சங்கில் புகட்டினாலும் குழந்தை கக்கியது. “இது தங்காது, மனசத் தேத்திக்கோம்மா” என்று டாக்டர் சொல்லிவிட்டார். அழுகையை அமர்த்த வேறு வழி தெரியாமல் வடிவம்மை அதைத் தன் மார்பில் போட்டுக்கொண்டாள். வெறும் மார்புதான். ஆனாலும் குழந்தை விடாமல் சப்பியது. சங்கில் புகட்டியதில் கக்கியது போக உள்ளே தங்கிய துளிகளில் எட்டு நாள் உயிர் ஒட்டிக்கொண்டிருந்தது.

ஒன்பதாம் நாள் காலையில் அழுகுரலே கேட்கவில்லை. புருஷன் நெல்லையப்பன் பதறிப்போய் அறை வாசலுக்கு ஓடி வந்தான்.

“என்னாச்சு வடிவு? பிள்ள மூச்சு விடுதா?”

“சத்தம் போடாதிய. கேளுங்க.”

கேட்டான். மடக் மடக்கென்று குழந்தை விழுங்கிக்கொண்டிருந்தது. வடிவம்மையின் இன்னொரு பக்கத்துச் சேலை நனைந்து சொட்டியது.

“எப்பிடி வடிவு இது?”

“எனக்குத் தெரியாது. அவ கேட்டா. வந்துட்டு.”

நெல்லையப்பன் உள்ளே வரவில்லை. தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, நிலைப்படிக்கு வெளியிலேயே நின்றான்.