உருகிய துளி

உறைய வைத்த விந்து அடைத்த மெல்லிய குழல் குச்சியை வெதுவெதுப்பான நீரிலிருந்து எடுத்துத் துடைத்து, முனையை நறுக்கி, ஒரு துளியைக் கண்ணாடித் தகட்டில் விட்டாள் டாக்டர் ஜெசிந்தா. அந்த எருமைக் கிடாவின் விந்து உறைந்து உருகும்போதெல்லாம் பிணமாகத்தான் மீண்டது. இது தேறாது, அடிமாட்டுக்குக் கழித்துவிடலாம் என்று போன வாரம் அவளேதான் எழுதிக் கொடுத்திருந்தாள். உயிரணுக்கள் கெடாமலிருக்க வைட்டமின் ஈ கலந்து உறைய வைத்த இந்த ஒரே குச்சிதான் மிச்சமிருந்தது. கொட்டுவதற்கு முன் பார்த்துவிடலாம் என்று நுண்ணோக்கியில் கண் வைத்தாள்.

துளி கொதித்துக்கொண்டிருந்தது. கலைத்துவிட்ட எறும்புப் புற்றைப் போல உயிரணுக்கள் அத்தனையும் முண்டியடித்து ஓடின.

"ஒச்சண்ணே! ஓடி வாங்க!"

கிடாவைப் பராமரிக்கும் ஒச்சப்பன் கொட்டகையிலிருந்து வந்தார். ஒரு கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு குனிந்தார்.

"என்னம்மா இது, இந்தத் துள்ளு துள்ளுது?"

"நம்ம கிடாவோடதுதாண்ணே! மருந்து கேட்டிருச்சு. அதை அனுப்ப வேணாம்னு இப்பவே போன் போட்டுச் சொல்லிர்றேன்."

அவர் நிமிரவில்லை. அப்போதுதான் அவர் தோளில் சுருண்டு கிடந்த கழுத்துக் கயிற்றை அவள் பார்த்தாள். மாட்டை விற்றால் கயிற்றை அதோடு கொடுத்தனுப்பும் வழக்கம் அந்தப் பக்கம் கிடையாது; அவிழ்த்து வைத்துக்கொள்வார்கள். கயிற்றில் கிடாவின் எச்சில் இன்னும் காயவில்லை.

"அடிமாட்டு வண்டி போயிருச்சா..." என்றாள். அவள் கை தானாக நுண்ணோக்கியின் விளக்கை அணைக்கப் போனது.

"அணைச்சிராதீங்கம்மா," என்றார் ஒச்சப்பன், கண்ணை எடுக்காமல். "இன்னும் ஓடிக்கிட்டுத்தான் இருக்கு."